பீய்ச்சானைப் பங்கு போட்ட ஊர்

கடல் கொடுத்தால் ஊருக்கு, கடல் எடுத்தால் வீட்டுக்கு என்பதுதான் ஈச்சம்பாட்டின் சட்டம். அதை எழுதி வைத்தவரும் இல்லை, மீறிப் பார்த்தவரும் இல்லை. தூண்டிலில் விழுந்தது தூண்டில்காரனுக்கு, வலையில் விழுந்தது வலைக்கும் படகுக்கும் ஆளுக்கும். ஆனால் தானாகக் கரையேறி வந்தது எதுவானாலும், மரக்கட்டையானாலும் திமிங்கிலமானாலும், அத்தனை வீட்டுக்கும் சம பங்கு. ஒரு வருஷம் எந்தக் கப்பலிலிருந்தோ விழுந்த பெட்டி நிறையப் புத்தம்புதுச் செருப்புகள் ஒதுங்கியபோது வீட்டுக்கு ஒன்றாகப் பங்கு விழுந்து, ஊரே ஒற்றைச் செருப்போடு திரிந்ததை மேற்கே பனங்காட்டு ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த ஊரில் பட்டினியால் செத்தவர் ஒருவர்கூடக் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுச் சிரிக்கட்டும்.

அப்படிப்பட்ட ஊரில், ஆவணி மாதத்துக் காலை ஒன்றில், பூசை முடிந்து ஆட்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், தண்ணீர்ப்பானை அளவுக்கு ஒரு பீய்ச்சான் கடலைவிட்டு ஏறி, மணலைத் தாண்டி, வலை காயும் இடத்தைச் சுற்றிக்கொண்டு தெற்குத் தெரு வழியாக வந்தது. பீய்ச்சான் என்றால் பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும் தோல்பை மாதிரியான ஒரு சீவன். தலை இல்லை, கண் இல்லை, கால் இல்லை, மேலே இரண்டு வாய், தொட்டால் தண்ணீரைப் பீய்ச்சும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வித்தை. கால் இல்லாதது எப்படி நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. வந்துகொண்டிருக்கிற ஒருவரை எப்படி வருகிறீர் என்று கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தார்களோ என்னவோ, சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி வழிவிட்டார்கள், ஒரு நாய் முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டுப் போனது. பீய்ச்சான் கித்தேரியின் வீட்டுக்குள் நுழைந்து, அடுப்படி மூலையில் ஈர மணலில் பாதி புதைத்திருந்த சின்ன மண்பானையின்மேல் ஏறி ஒட்டிக்கொண்டது.

கித்தேரி கருவாடு காயப்போடும் வேலைக்குப் போகிறவள். அவள் புருஷன் தொம்மையைப் போன வருஷம் கடல் எடுத்துக்கொண்டது, உடம்பைத் திருப்பித் தரவில்லை. மிச்சம் இருந்தது மகள் பிரிஜித் மட்டும், பதினோரு வயது, ஐந்து வயதிலிருந்தே சர்க்கரை. பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை அல்ல, மாத்திரையும் பத்தியமும் கேட்கிற சர்க்கரை அல்ல. காலையும் மாலையும் ஊசி போட்டால்தான் உயிர் நிற்கும் என்கிற சர்க்கரை. அந்த ஊசி மருந்துக் குப்பிகள் வெயிலில் கெடாமல் இருக்கத்தான் அந்த மண்பானை. குளிர்சாதனப் பெட்டி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தொம்மை கடைசியாகக் கடலுக்குப் போனான்.

"அம்மா, நம்ம பானை மேல யாரோ ஒக்காந்திருக்காங்க" என்றாள் பிரிஜித். ஊசிக்கு நேரமாகியிருந்தது. பானையைத் திறக்க வேண்டுமே என்று அவள் பீய்ச்சானை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கினாள், அது அவள் முகத்திலும் கழுத்திலும் ஒரு மிடறு தண்ணீரைப் பீய்ச்சியது. கொஞ்ச நேரத்தில் விரலில் குத்திப் பார்த்தபோது, ஆறு வருஷமாக ஒருநாளும் ஒழுங்காக நின்றிராத சர்க்கரை, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அடங்கி நின்றது. அன்று சாயங்காலமும் அப்படியே, மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கித்தேரி மகளுக்கு ஒரு கிண்ணம் பாயசம் வைத்துக் கொடுத்துவிட்டு, அவள் சாப்பிடுவதைப் பார்க்க முடியாமல் பின்கட்டுக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பாயசம் கொதித்தால் பக்கத்து வீட்டு மூக்குக்குத் தெரியாமல் போகுமா? பக்கத்து வீட்டுத் தெக்லாள் இருபது வருஷத்துச் சர்க்கரைக்காரி, ஊர்வாய் மொத்தத்தையும் தன் ஒரு வாயில் வைத்திருப்பவள். அவள் வந்தாள், பார்த்தாள், "ஏட்டி, நானும் ஒருவாட்டி கட்டிப்பிடிச்சிக்கிடுதேன்" என்றாள், கட்டிப்பிடித்தாள், நனைந்தாள், வீட்டுக்குப் போய் ஒரு வட்டுக் கருப்பட்டியை அப்படியே கடித்துத் தின்றாள், ஒன்றும் ஆகவில்லை. பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. கமிட்டித் தலைவர் சிலுவைராசு, அவரும் சர்க்கரைக்கு ஒரு கால்விரலைக் கொடுத்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு கித்தேரியைப் பார்த்தார்.

"வீடு தேடி வந்தது மாமா. எம்மவளைத் தேடித்தான் வந்தது" என்றாள் கித்தேரி.

"இல்லங்கல தாயீ. ஆனா கரையேறித்தானே வந்தது?"

தொம்மை போன நாளிலிருந்து கடலுக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு படகும் அவள் வீட்டுக்கென்று ஒரு பங்கை மணலில் ஒதுக்கிவிட்டுத்தான் மீதியை ஏலத்துக்குக் கொண்டுபோகிறது. அந்தப் பங்கில்தான் பிரிஜித் வளர்கிறாள், அந்தப் பங்கில்தான் கித்தேரி யார் வாசலிலும் போய் நிற்காமல் இருக்கிறாள். சிலுவைராசு அதைச் சொல்லிக்காட்டவில்லை, சொல்லிக்காட்டுகிற ஆளும் அல்ல. சொல்லிக்காட்டியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். சொல்லாமல் விட்டதால்தான் வாயடைத்துப் போனாள். தன்னைத் தாங்குகிற கையை எப்படித் தட்டிவிடுவது?

வீட்டுக்கு ஒருநாள் முறை என்று தீர்ப்பாயிற்று. சர்க்கரை உள்ள வீடு, இல்லாத வீடு என்ற பேச்சே கிடையாது, சட்டம் வியாதி பார்ப்பதில்லை. கொட்டு அடித்துக்கொண்டு, அலுமினியச் சட்டியில் கடல்தண்ணீர் நிரப்பி, பீய்ச்சானை அதில் உட்காரவைத்து, காலையில் ஒரு வீட்டிலிருந்து எடுத்து அடுத்த வீட்டில் வைத்தார்கள். சர்க்கரை இல்லாத வீட்டுக்காரர்கள்கூடத் தங்கள் முறையன்று அதற்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்தி வைத்து, சும்மாவாவது ஒருமுறை நனைந்துகொண்டார்கள். பங்கை வேண்டாம் என்று சொன்னால் திமிர் என்றல்லவா ஆகும்?

ஈச்சம்பாடு இனித்தது என்றுதான் சொல்ல வேண்டும். டீக்கடையில் சர்க்கரை போடாத டீ என்ற சொல்லே வழக்கொழிந்து போனது. மஸ்கோத்து அல்வா விற்பவன் வாரம் ஒருமுறை வந்தவன் தினமும் வரத் தொடங்கினான். பங்குச்சாமியார் பிரசங்கத்தின் நடுவே பைக்குள் கைவிட்டு மிட்டாய் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஆறாத புண்கள் ஆறின. பனிமூட்டமாய்த் தெரிந்த பேரப்பிள்ளைகளின் முகம் கிழவர்களுக்குத் துலங்கியது, கிழவர்கள் உங்களுக்கு இவ்வளவு பெரிய காதா என்று பிள்ளைகளைக் கேலி செய்தார்கள். அளவு தெரியாமல் கட்டிப்பிடித்துக்கொண்டே கிடந்த சிலர் சர்க்கரை அடியோடு இறங்கி மயங்கி விழுந்ததும் உண்டு. அதற்கென்று சட்டிக்குப் பக்கத்தில் ஒரு தட்டு நிறையக் கடலைமிட்டாய் வைக்கப்பட்டது, அத்தோடு அந்தப் பிரச்சினையும் முடிந்தது.

கடல் உயிர்களை ஆராய்கிற மெஹருன்னிசா என்ற பெண் பக்கத்து நகரத்திலிருந்து வந்து, பீய்ச்சானின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குத் திசுவைக் கிள்ளிக்கொண்டு போய், திரும்பி வந்து சொன்னாள்: "இன்சுலினுக்கு உறவான ஒரு சுரப்பு இதோட உடம்புல இருக்கு. இந்த மாதிரி எளிய கடல் உயிர்கள் பலதுலயும் இருக்கிறதுதான். எலும்புள்ள பிராணி, மனுஷன் எல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே சர்க்கரையை என்ன செய்யணும்னு இதுங்க உடம்புக்கு ஒரு வழி தெரிஞ்சிருந்தது. நம்ம உடம்புல இருக்கிறது அதோட தூரத்து வாரிசு."

"அப்பம் சொந்தக்காரவுகன்னு சொல்லுங்க" என்றாள் தெக்லாள்.

"ஒருவகையில. ஆனா ஒண்ணு புரியல. இது குஞ்சா இருக்கும்போது நீந்தும், ஒரு இடத்துல ஒட்டிக்கிட்டா அதுக்கப்புறம் ஆயுசுக்கும் நகராது. இது எப்படி நடந்து வந்தது?"

"ஒருநா தானம்மா நடந்தது. அதுக்குப்போயி."

மெஹருன்னிசா சிரித்துவிட்டாள். போகும்போது கித்தேரியைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, என்ன ஆனாலும் ஊசி மருந்தை மட்டும் கைவிட்டுராதீங்க" என்றாள். கித்தேரி தலையை ஆட்டினாள்.

அவள் ஆட்டிய தலைக்கு என்ன மதிப்பு! மறுவாரமே ஊர் இன்னொரு முடிவெடுத்தது. இந்த முடிவை ஈச்சம்பாட்டுக்காரர்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். கடல் ஒரு கையில் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கரையில் இன்னொரு கையை நீட்டுவது இரட்டைப் பங்கு, இரட்டைப் பங்கு திருட்டு. ஆகவே ஊரில் இருக்கிற சர்க்கரை மருந்து அத்தனையும், மாத்திரையானாலும் ஊசியானாலும், மேற்கே மருந்து கிடைக்காமல் அல்லாடுகிற பனங்காட்டு ஊர்களுக்குக் கொடுத்துவிட வேண்டியது. அந்தப் பக்கம் வருகிற நர்ஸம்மா வேண்டாம் வேண்டாம் என்று கும்பிட்டுப் பார்த்தாள். இவர்களோ தர்மம் செய்கிற சந்தோஷத்தில் இருந்தார்கள், நல்லது செய்யக் கிளம்பிவிட்ட ஊரை யார் நிறுத்துவது? வீடு வீடாகக் கூடை வந்தது. எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கித்தேரி மண்பானையைத் திறந்து குப்பிகளைக் கூடையில் வைத்தாள். ஒன்றை மட்டும் யாரும் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். ஊரை ஏமாற்றிவிட்டோமே என்று அன்று முழுவதும் அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த ஒரு குப்பியை வைத்துத்தான் பீய்ச்சான் வீட்டில் இல்லாத நாட்களை எல்லாம் ஓட்டினாள், கூடுமானவரை மகளைச் சோறு குறைத்துத் தின்னச் சொல்லி, கூடுமானவரை அடுத்த வீட்டு முறைகளில் கெஞ்சி ஒரு மிடறு நனையவிட்டு.

ஐப்பசி பிறந்ததும் பீய்ச்சான் மாறத் தொடங்கியது. ஊர் ரத்தத்திலிருந்து இறங்கிய சர்க்கரை எங்கே போகும்? அதன் உடம்புக்குள்தான் போனது. தோல் கருப்பட்டி நிறத்துக்கு வந்தது, பக்கத்தில் போனால் வெல்லம் காய்ச்சுகிற வாசனை அடித்தது, எந்த வீட்டில் வைத்தாலும் எறும்புகள் சாரை சாரையாக அந்த வீட்டுக்குப் படையெடுத்தன. முன்போலத் தாராளமாகப் பீய்ச்சவில்லை, பிழிந்தால்தான் கொஞ்சம் வந்தது. தண்ணீர் குறையக் குறைய முறைச்சண்டை முற்றியது. நேற்று வடக்குத்தெருவில் அதிகம் பிழிந்துவிட்டார்கள், இல்லை இல்லை தெற்குத்தெருவில்தான் முந்தாநாள் திருப்பித் தரவே இல்லை. ஒருநாள் காலையில் இரண்டு தெருவும் துடுப்போடு எதிரெதிரே வந்து நின்றுவிட்டன, ஒரு மண்டை உடைந்தும் விட்டது.

"வெட்டிப் பங்கு போட்டுருவோம்" என்றார் சிலுவைராசு. "அந்த ஆராய்ச்சிக்காரப் பிள்ளையே சொல்லிச்சில்லா, சில பீய்ச்சான் வெட்டுனாலும் துண்டு துண்டா வளந்துரும்னு. ஆளுக்கொரு துண்டு, அவனவன் வளத்துக்கிடட்டும். பொணம் விழுகதுக்கு இது தேவலாம்."

சில வகை என்றுதான் மெஹருன்னிசா சொல்லியிருந்தாள். இது அந்த வகையா என்று தனக்குத் தெரியாது என்றும் சொல்லியிருந்தாள். சண்டையில் அந்தப் பாதி எல்லோருக்கும் மறந்துவிட்டது, கித்தேரிக்கு மறக்கவில்லை.

"மாமா, அது செத்துப்போச்சின்னா எம்மவ செத்துப்போவா. நீங்க மாத்திரைக்குத் திரும்பிக்கிடுவிய. அவளுக்கு அது கிடையாது மாமா."

சிலுவைராசு தலையைக் குனிந்துகொண்டார். வடக்குத்தெருவிலிருந்து ஒருவன் கேட்டான், "அப்பம் ஒம் மவளுக்குன்னு தனிச் சட்டமா?" அவன் பெயர் லயோனாஸ், தொம்மையின் கூட்டாளி, வாரம் தவறாமல் அவள் பங்கைத் தலையில் சுமந்து வீட்டு வாசலில் இறக்கி வைக்கிறவன். கேட்டுவிட்டு அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். தனிச் சட்டம் வேண்டும் என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரை வந்தது. எல்லோருக்கும் பொதுவான சட்டத்தால் பிழைத்தவள் அந்த வார்த்தையை விழுங்கிவிட்டாள். அந்த நிமிஷத்துக்காகப் பிற்பாடு அவள் தன்னை எவ்வளவு சபித்தாலும் தகும் என்று நினைப்பவர்கள், அவள் நின்ற இடத்தில் நின்றுபார்க்க வேண்டும்.

யார் வீட்டுக்கு முதலில் வந்ததோ அவர்தான் வெட்ட வேண்டும், வெட்டியவருக்குக் கடைசிப் பங்கு. அப்போதுதான் வெட்டு சமமாக விழும். ஆகவே கத்தியைக் கித்தேரி கையில் கொடுத்தார்கள். வழக்கப்படி லயோனாஸ் துண்டுகளுக்கு முதுகைக் காட்டி நின்றான், ஒருவர் ஒவ்வொரு துண்டாகத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்க, அவன் பார்க்காமலே வீட்டின் பெயர்களைச் சொன்னான். முதல் வெட்டிலேயே உள்ளே இருந்த தண்ணீர் அத்தனையும் பாகாக ஒழுகி மணலில் இறங்கிவிட்டது. கரையில் உள்ள எறும்பு மொத்தமும் அங்கே கூடியது. கடைசித் துண்டு, உள்ளங்கை அளவு, கித்தேரிக்கு வந்தது. அப்போதுதான் முதல் மழைத்துளி விழுந்தது.

துண்டுகளைச் சட்டியிலும் சொம்பிலும் பிளாஸ்டிக் வாளியிலும் கடல்தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்தார்கள். அவை வளரவும் இல்லை, அழுகவும் இல்லை, பீய்ச்சவும் இல்லை. ஊருக்கு மெல்ல மெல்லச் சர்க்கரை ஏறியது. முந்தானையில் இருந்த குப்பி பங்கு போடுவதற்கு முந்தின நாளே காலியாகியிருந்தது. மழை விடாமல் பெய்தது. பெரிய சாலைக்குப் போகிற வழியில் ஓடை பெருகிப் பாலத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, பஸ்ஸும் வரவில்லை, ஆம்புலன்ஸ் அக்கரையில் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பியது. கடலோ படகை வாயருகே விடாமல் துப்பியது. பிரிஜித் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள், குடித்தாள், வாந்தி எடுத்தாள், மறுபடி கேட்டாள். அவள் மூச்சில் கனிந்து அழுகப்போகிற பழத்தின் வாசனை வந்தது. மகளின் ஐந்து வயதில் ஒருமுறை அந்த வாசனையை முகர்ந்திருந்த கித்தேரிக்கு அது எதன் அறிகுறி என்று தெரியும்.

சிலுவைராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். கூட வருகிறேன் என்ற பையன்களைக் கூட்டிக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டி ஓடையைக் கடந்து நகரத்துக்கு மருந்து வாங்கப் போனார். போகாதீர் என்று அவர் பெண்சாதி அழுதாள். "நான்தானே வெட்டச் சொன்னேன்" என்றார் அவர்.

அவர் போன பிறகு தெக்லாள் நனைந்துகொண்டே வந்தாள், கையில் சொம்பு, சொம்புக்குள் அவள் வீட்டுத் துண்டு. "வச்சிக்கோட்டி" என்றாள். அவள் பின்னால் இன்னொருத்தி, அவள் பின்னால் பங்குச்சாமியார், பிறகு வடக்குத்தெரு முழுவதும், தெற்குத்தெரு முழுவதும், குடை பிடித்தவர்களும் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டவர்களுமாக, வாளியோடும் டிபன் பாக்ஸோடும் வரிசையாக வந்து, அந்தப் பிள்ளையின் பாயைச் சுற்றித் தங்கள் பங்கை வைத்துவிட்டுப் போய்ச் சுவரோரமாக நின்றார்கள். ஒரு வீடுகூட மிச்சமில்லை. கடைசியாக வந்த லயோனாஸ் வலை பின்னுகிற ஊசியும் நைலான் நூலும் கொண்டுவந்திருந்தான். யாரும் சொல்லாமலே ஆண்கள் உட்கார்ந்து, கிழிந்த வலையைத் தைக்கிற அதே விரல்களால், துண்டோடு துண்டைச் சேர்த்துத் தைத்தார்கள். எந்த ஓரம் எந்த ஓரத்தோடு பொருந்தும் என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் பீய்ச்சான் பழைய அளவுக்கு, பழைய உருவத்துக்கு, மேலே இரண்டு வாயோடு வந்துவிட்டது. பிரிஜித்தின் பக்கத்தில் படுக்க வைத்து அவள் கையை எடுத்து அதன்மேல் போட்டார்கள். எல்லோரும் காத்திருந்தார்கள். அது தைத்த பொருளாகவே கிடந்தது.

பிரிஜித் கண்ணைத் திறந்து தையல்களைப் பார்த்தாள்.

"இதுல நம்மளுது எதும்மா?"

"எல்லாமே நம்மளுதுதான் மக்ளே."

"அப்பம் மத்தவங்களுக்கு?" என்று கேட்டாள் அந்த ஊரில் பிறந்த பிள்ளை.

கித்தேரி பதில் சொல்வதற்குள் அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு மூச்சு மட்டும், ஆழமாக, வேகமாக, யாரோ துரத்துகிற மாதிரி, பொழுது விடிகிறவரை ஓடிக்கொண்டிருந்தது. விடிந்ததும் நின்றது. கித்தேரி அழவில்லை என்று சொல்கிறார்கள், அது பொய், அவள் அழுத அழுகையை அவர்களால் கேட்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

மழையும் அன்று காலையோடு விட்டது. மழைக்குப் பிறகு வருகிற வெயில், மண்டையைப் பிளக்கிற வெயில், ஊர்மேல் அடித்தது. உச்சிப்பொழுதில் சிலுவைராசு திரும்பி வந்தார். முழங்கால் வரை சேறு, விரல் இல்லாத கால் வீங்கிப்போயிருந்தது, தலையில் பனிக்கட்டிப் பெட்டி, பின்னால் பையன்கள். தெருவில் இருந்த ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. வாசலில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும் அவருக்கு உறைக்கவில்லை, மூச்சு வாங்க வாங்க வாசற்படிக்கு முன்னால் வந்து நின்று, பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார்.

"ஒரு வருசத்துக்கு இருக்கு தாயீ. பூராவும் ஒனக்குத்தான். ஊருக்கு இதுல பங்கு கெடையாது."

கித்தேரி எழுந்து வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். ஆறு வருஷமாகத் தினமும் சொல்லிப் பழகிய வாய் அதுவாகச் சொன்னது.

"வெயில்ல நிக்காதீங்க மாமா. மருந்து கெட்டுப்போவும்."